மண்ணெண்ணெயில் எள்

ஜூன் 2, செவ்வாய்

குழந்தைக்கு எட்டு மாதம் முடிந்தது. காலையில் 99.2. மத்தியானம் 98.8. ஈறு வீங்கியிருக்கிறது, பல்தான். பல்தான் என்று மூன்று முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நான்காவது முறை தெர்மாமீட்டரை எடுத்தேன்.

நாளை எபிரெய வினைச்சொல் தேர்வு. ஃபிரிட்ஜ் கதவு முழுக்கச் சொல் அட்டைகள் ஒட்டியிருக்கிறேன். பால் எடுக்கும்போது ஒரு சொல், தண்ணீர் எடுக்கும்போது ஒரு சொல் என்று திட்டம். வீட்டில் தண்ணீர் அதிகம் குடிப்பவர் என் கணவர், அதனால் மனப்பாடம் ஆனது அவருக்குத்தான். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, சாப்பிடும்போது ‘அவன் காத்தான், அவள் காத்தாள்’ என்று எபிரெயத்தில் சொல்கிறார். உச்சரிப்பு என்னுடையதைவிடத் தேவலை.

எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன். நான்கு வருட இறையியல் பட்டத்தில் மூன்றாவது வருடம் ஆகஸ்டில் முடிகிறது. கடைசி வருடத்தில் சேர, நான் பயிற்சிக்குப் போகும் சபை ஒரு கடிதம் தர வேண்டும்: இவர் ஊழியத்துக்குத் தகுதியானவர் என்று. சபை பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிறது. அறுபது பேர் வருவார்கள். இதுவரை அங்கே நான் செய்தது அறிவிப்பு வாசிப்பது, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் பார்க்கப் போவது, நாற்காலி அடுக்குவது. பதினாலாம் தேதிதான் முதல் முழுப் பிரசங்கம். கமிட்டி அதைக் கேட்டுத்தான் கடிதத்தைப் பற்றி முடிவு செய்யும்.

அவர் கேட்கிறார்: “பாஸ்டரோட பொண்டாட்டின்னா பாஸ்டரம்மா. பாஸ்டரோட புருஷனுக்கு என்ன பேரு?”

“இன்னும் யாரும் வைக்கலைங்க.”

“அப்ப நானும் பேர் வைக்காத புள்ளைதான்.”

ஜூன் 5, வெள்ளி

தலைப்பு கொடுத்துவிட்டார்கள். இரக்கம்.

அகராதியைத் திறந்ததும் கிடைத்தது. இரக்கத்துக்கு எபிரெயத்தில் ரஹமீம். கருப்பைக்கு ரெஹெம். இரண்டுக்கும் வேர் அதே மூன்று எழுத்து. பேனா தானாக ஓடியது. நாற்பது நிமிடத்தில் ஆறு பக்கம், குழந்தை ஒரு தடவைகூட எழவில்லை. இந்த வீட்டில் இப்படி நடந்ததே இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல ஆர்கன் அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். சபையில் ஆர்கன் வாசிப்பவர். வார நாட்களில் பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துகிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குழந்தை என் தோளில் அரை மணி நேரம் ஏப்பம் விடாமல் முறுக்கிக்கொண்டு கிடக்கும், அவர் தோளுக்குப் போன நிமிடமே விடும். “உன் எலும்பு குத்துதாம், கம்ப்ளெய்ன்ட் பண்றான்” என்கிறார்.

ஜூன் 14, ஞாயிறு

முடிந்தது. இருபத்திரண்டு நிமிடம்.

முதல் ஐந்து நிமிடம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரெஹெம், ரஹமீம் என்று சொன்னதும் முன் வரிசையில் ஓர் அம்மா நிமிர்ந்தார். பிறகு எல்லோரும் நிமிர்ந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை என் கணவர் மடியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. எழுதி வைத்திராத ஒரு வரி வந்தது. “வயிற்றில் சுமந்தவளுக்குத்தான் இரக்கம்னா என்னன்னு தெரியும்.” நான்கைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள். சபைச் செயலாளரும் துடைத்தார், அவர் வங்கி மேலாளராக இருந்தவர், சுலபத்தில் துடைக்கிறவர் அல்ல.

பாஸ்டர் ஐயா கை கொடுத்தார். “கடிதத்துக்கு இனிமே டைப் அடிக்கிற வேலைதான் பாக்கி” என்றார் செயலாளர்.

கடைசிப் பாட்டில் ஒரு சரணம் விட்டுப்போனது. ஆர்கன் அக்கா நேராக முடிவுக்குப் போய்விட்டார். நேரமாகிவிட்டது என்று நினைத்திருப்பார். குழந்தையை வாங்காமல் கிளம்பினார்.

ஜூன் 16, செவ்வாய்

பல் வெளியே தெரிகிறது. அரிசி முனை அளவு. 98.6.

ஜூன் 21, ஞாயிறு

குழந்தை ஆர்கன் அக்காவைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே “முதுகு புடிச்சிருக்கு, அடுத்த வாரம் பாப்போம்” என்றார். நீட்டிய கையை நான்தான் மடக்கினேன்.

போன முறை தோளில் கக்கியதாலா? சளி ஒட்டிவிடும் என்றா? துணியில் வாடை அடிக்கிறதா? வீட்டுக்கு வந்து குழந்தையின் சட்டைகள் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டேன்.

மண்டபத்தில் பெண்கள் குழு என் வரியை வண்ணத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். வயிற்றில் சுமந்தவளுக்குத்தான். ஓரத்தில் பூ. ஆர்கனுக்கு நேர் மேலே.

ஜூன் 24, புதன்

பிரசங்கத்தின் எழுத்தையும் ஒலிப்பதிவையும் கல்லூரியில் கொடுத்திருந்தேன். இன்று திரும்பி வந்தது. நூற்றுக்கு முப்பத்தெட்டு. குரல், நேரம், பார்வை எல்லாம் நன்று. விளக்கம்: பூஜ்யம்.

கை தூக்கினேன். எபிரெய வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைக்காமல் கேட்டார்.

“எண்ணெய்ங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சும்மா?”

“எள்ளு, நெய் சார்.”

“அப்ப மண்ணெண்ணெய்ல எள்ளு எத்தனை சதவீதம்?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது.

“வேர் ஒண்ணா இருக்கலாம். பேசறவன் வேரைப் பேசறதில்லை, வார்த்தையைப் பேசறான். இதே வார்த்தை அப்பனுக்கும் வருது, அண்ணனுக்கும் வருது, எதிரி ராஜாவுக்கும் வருது. அவங்கள்லாம் எதுல சுமந்தாங்க?”

பின் பெஞ்சிலிருந்து “லாரில சார்” என்று ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

“முதல் பிரசங்கத்துல எல்லாரும் இந்தப் பள்ளத்துல விழுவாங்க. நான் ரெண்டு தடவை விழுந்திருக்கேன். உக்காரு.” அவ்வளவுதான். அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

முப்பத்தெட்டு. தேர்ச்சிக்கு நாற்பது. மற்ற தாள்களோடு சேர்த்துப் பார்த்தால் தப்பிக்கும். கணக்கு போட்டுவிட்டேன், தப்பிக்கிறது.

ஜூன் 25, வியாழன்

பால் புட்டி கழுவிக்கொண்டே ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். எங்கெங்கே வேரைப் பிடித்துத் தொங்கினேன் என்று குறித்துக்கொள்வதற்காகத்தான். பன்னிரண்டாவது நிமிடத்தில் அந்த வரி வந்தது. சுமந்தவளுக்குத்தான்.

‘த்தான்’.

புட்டியை வைத்துவிட்டேன்.

போன ஆகஸ்டில் ஆர்கன் அக்காவுக்கு ஆபரேஷன். கருப்பையை எடுத்தார்கள். கல்யாணமாகி இருபது வருடம், குழந்தை இல்லை, இனி இல்லை. சபை சார்பில் பார்க்கப் போனது யார்? நான். என் முதல் ஆஸ்பத்திரி சந்திப்பு. எனக்கு அப்போது ஏழு மாதம். என்ன சொல்வது என்று தெரியாமல் கட்டில் பக்கத்தில் நின்றேன். “நீ உக்காரு, எனக்குத்தான் பெட் இருக்கே” என்று அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். திரும்பி வந்து அதை அறிக்கையாக எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

மறந்தேனா? மறக்கவில்லை. கேட்டிருந்தால் தேதியோடு சொல்லியிருப்பேன். அந்த வரி வந்த நிமிடத்தில் அந்த மண்டபத்தில் எனக்கு என் குழந்தை மட்டும் இருந்தது.

கணவரிடம் சொன்னேன்.

“வேணும்னா சொன்னே?”

“இல்லைங்க.”

“அப்புறம் என்ன?”

“அவங்க ஞாபகமே வரலைங்க. அதான்.”

“சரி. அப்ப முதுகு வலி இல்லை அது” என்றார்.

ஜூன் 28, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு பாஸ்டர் ஐயாவிடம் சொன்னேன்: வேர்ச்சொல் விளக்கம் தப்பு, அந்த வரி தப்பு, எல்லோர் முன்னாலும் திருத்திச் சொல்ல வேண்டும் என்று.

அவர் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி இழுத்துப் போட்டு, பொறுமையாகக் கேட்டார்.

“ஜனங்க ஆசீர்வாதமா எடுத்துக்கிட்டாங்கம்மா. இப்ப எழுந்து தப்புன்னு சொன்னா, நாளைக்கு நீ சொல்ற எதை நம்புவாங்க? நான் முப்பது வருஷமா பேசறேன். எல்லாத்தையும் திருத்த ஆரம்பிச்சா வாரத்துக்கு ரெண்டு ஆராதனை வைக்கணும்.”

“அக்காவுக்கு...”

“அவகிட்ட தனியா போய்ப் பேசு. ஜெபம் பண்ணு. அடுத்த மாசம் இருபத்தஞ்சாம் தேதி கமிட்டி. கடிதம் கைக்கு வரட்டும், அப்புறம் உன் இஷ்டம்.”

சொன்னதில் தவறாக ஒன்றும் இல்லை. எழுதிப் பார்த்தாலும் இல்லை. அப்புறம் ஏன் இரண்டாவது முறை எழுதிப் பார்க்கிறேன்?

ஜூலை 3, வெள்ளி

அவரவர் வீட்டில் அந்த வரியை எத்தனை பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

ஜூலை 9, வியாழன்

அச்சகத்துக்குப் போனேன். குழந்தையைக் கண்ணாடிக் கடையில் அவரிடம் விட்டுவிட்டு, மதிய இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்னால்.

பிழை திருத்தும் அறை சின்னது. ஜன்னல் ஓரமாக இரண்டு மேஜை. ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாக வாசிக்கிறார், புள்ளி கமாவையும் சேர்த்து. “தாவரங்கள் கமா விலங்குகள் கமா ஆகியன முற்றுப்புள்ளி.” ஆர்கன் அக்கா அச்சுத் தாளில் விரல் வைத்துத் தொடர்கிறார். தலை தூக்காமல் “உக்காரு, இந்தப் பத்தி முடியட்டும்” என்றார். வாசித்த பெரியவர் முடித்துவிட்டு, “நான் டீ குடிச்சுட்டு வர்றேன் ஆச்சரியக்குறி” என்று வெளியே போனார்.

மனப்பாடம் செய்து போயிருந்தேன். எபிரெய வேர், மண்ணெண்ணெய், மதிப்பெண் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அது உனக்கும் உங்க வாத்தியாருக்கும்” என்றார்.

“அக்கா, நான் உங்களை நினைச்சுச் சொல்லலை.”

“தெரியும். நினைச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டே.”

அதற்கு மேல் என் மனப்பாடத்தில் எதுவும் இல்லை. அவர் பென்சிலைச் சீவினார்.

“மன்னிச்சிடுங்கக்கா.”

“இப்ப கோபமில்லைன்னு நான் சொன்னா நீ நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவே. அதனால சொல்லப் போறதில்லை.” சிரித்தமாதிரி இருந்தது, சிரிக்கவில்லை. “உன் பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு, அதையும் தூக்காம இருக்கேன். முதுகு வலின்னு பொய் வேற. பாதிதான் பொய்.”

“ஐயா தனியா பேசச் சொன்னாரு.”

“பேசிட்டேல்ல?” தாளை என் பக்கம் திருப்பினார். “இது பத்தாயிரம் பிரதி போகுது. தப்போட போயிட்டா ரெண்டு வழி இருக்கு. அடுத்த பதிப்புல மாத்திக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனா இந்தப் பதிப்பை வாங்கின பிள்ளை தப்பைத்தான் படிச்சிட்டு இருக்கும். இல்லைன்னா பிழைதிருத்தம்னு ஒரு துண்டுத்தாள் அடிச்சு, வித்த கடைக்கெல்லாம் அனுப்பணும். எங்க முதலாளிக்கு அது சுத்தமா பிடிக்காது. மானம் போகுதும்பாரு.”

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நான் மாச சம்பளக்காரி. முதலாளி சொன்னதைப் பண்ணுவேன்.” பென்சிலை மேஜையில் போட்டார். “எனக்கு அந்த மண்டபத்துல உக்கார்றதுதான் கஷ்டமா இருக்கு. தலைக்கு மேல பூ வேற போட்டிருக்காங்க.”

பெரியவர் திரும்பி வந்துவிட்டார். “பாடம் ஏழு” என்று ஆரம்பித்தார். நான் எழுந்தேன்.

ஜூலை 13, திங்கள்

101.4. வகுப்புக்குப் போகவில்லை. கிளினிக்கில் இரண்டு மணி நேரம். குழந்தையின் மூச்சை நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு. அந்த எண்ணைப் பார்த்ததும் மதிப்பெண் ஞாபகம் வந்தது, எனக்கே வெட்கமாக இருந்தது. டாக்டர் இரண்டாவது பல் என்றார். “அம்மாவுக்கு எத்தனை காய்ச்சல்?” என்று கேட்டார். எனக்கு இல்லை டாக்டர் என்றேன். “முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலை.”

ஜூலை 18, சனி

நாளை அறிவிப்பு வாசிப்பது என் முறை. கமிட்டி அதற்கு அடுத்த சனிக்கிழமை. ஏழே நாள் பொறுத்தால் கடிதம் கையில்.

அவரிடம் கேட்டேன். “என்னைக் கேட்டா வாயை மூடிக்கிட்டு கடிதத்தை வாங்குன்னுதான் சொல்வேன்” என்றார். பிறகு, “ஆனா கடிதம் வந்தப்புறம் சொன்னா, நீ அதுக்காகத்தான் காத்திருந்தேன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றார். பிறகு, “நான் லென்ஸ் தேய்க்கிறவன், என்னை ஏன் கேக்கறே” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளிப்பாட்டப் போய்விட்டார்.

ஜூலை 19, ஞாயிறு

அறிவிப்புகள் ஐந்து. தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வதால் செவ்வாய் அன்று குழாயில் தண்ணீர் வராது. வியாழன் கூடுகை ஆறரை மணிக்கு. வண்டிகளை டிப்போ வாசலில் நிறுத்த வேண்டாம். பின் வரிசையில் ஒரு நீலக் குடை கிடைத்திருக்கிறது. ஐந்தாவதை நான் எழுதிச் சேர்த்திருந்தேன். குடைக்குப் பிறகு அதே குரலில் வாசித்தேன்.

“பிழைதிருத்தம். ஜூன் பதினாலாம் தேதி நான் கொடுத்த பிரசங்கத்தில், இரக்கம் என்ற சொல்லுக்குக் கருப்பையை வைத்துப் பொருள் சொன்னேன். அது தவறு. பிள்ளை பெற்றவர்களுக்குத்தான் இரக்கம் தெரியும் என்றும் சொன்னேன். அது அதைவிடத் தவறு. வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அந்த வரியை எடுத்துக்கொண்டு போனவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.”

தொட்டியைப் பற்றியே இன்னும் யோசிக்கிறார்களோ என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு முன் வரிசை அம்மா, “நல்லாத்தானேம்மா இருந்துச்சு” என்றார், நிஜமான வருத்தத்தோடு. நடுவிலிருந்து ஒருவர் கேட்டார்: “அப்ப அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?”

“இரக்கம்னுதாங்க அர்த்தம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க.”

செயலாளர் டைரியில் ஏதோ குறித்தார். பாஸ்டர் ஐயா எழுந்து அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். ஆர்கன் அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. புத்தகத்தைப் புரட்டினார், பாட்டைத் தொடங்கினார். நான்கு சரணமும் வாசித்தார்.

வண்ணத் தாள் இன்னும் சுவரில்தான். கிழிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அது அவர்கள் ஒட்டியது.



ஜூலை 26, ஞாயிறு

கமிட்டி நேற்று கூடியது. இன்று உறையில் கொடுத்தார்கள். ‘ஊழியத்தில் ஆர்வம் உள்ளவர். போதிப்பதில் இன்னும் நிதானம் தேவை. ஓர் ஆண்டு கழித்துப் பரிசீலிக்கப்படும்.’ இனி நான் பேசினால் எழுதியதை மட்டும் வாசிக்க வேண்டும், அதையும் முன்கூட்டியே ஐயாவிடம் காட்ட வேண்டும்.

“நான் சொன்னேன்ல” என்று ஐயா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு வருடம். குழந்தை நடக்கும், பேசும். எனக்கு முப்பது ஆகும். எபிரெயம் மறக்கும். உறையை ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். அவர் படித்துவிட்டு, “நிதானம் தேவைன்னா வீட்டுல என்னைக் கேட்டிருக்கலாம், நான் எட்டு வருஷமா சொல்றேன்” என்றார். சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு குழந்தைக்குப் பசித்துவிட்டது.

இதைத் திரும்பச் செய்வேனா? ஆமாம் என்று எழுத ஆசை. தெரியாது.

ஜூலை 29, புதன்

கல்லூரி அலுவலகத்தில் சொன்னேன். ஒரு வருட விடுப்புப் படிவம், இரண்டு பக்கம், ‘காரணம்’ என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு. ‘சபையின் தீர்மானம்’ என்று எழுதினேன். எபிரெய வாத்தியார் வராந்தாவில் எதிரே வந்தார். நடந்ததைச் சொன்னேன். “அறிவிப்புலயா சொன்னே?” என்று கேட்டார். “குடைக்கு அப்புறம் சார்.” அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். விடுப்பு விடுப்புதான்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

பதினாறாம் தேதி பத்து நிமிடம் பேசக் கொடுத்திருக்கிறார்கள், எழுதி வாசிக்க. பாவம் பார்த்துக் கொடுத்தார்களா, வேறு ஆள் கிடைக்கவில்லையா தெரியாது.

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆர்கன் அக்கா மூடியைச் சாத்திவிட்டு வந்தார்.

“எழுதித்தானே வாசிக்கணும்?”

“ஆமாக்கா.”

“அப்ப எழுத்துப் பிழை என் டிபார்ட்மென்ட். வெள்ளிக்கிழமைக்குள்ள கொடு. கோழிக் கிறுக்கலா இருந்தா திருப்பி அனுப்பிடுவேன்.”

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பக்கங்கள் திரும்பி வந்தன. நான்கு பக்கத்தில் பதினொரு சிவப்புக் குறி. இரண்டு ‘ற’கரம், மூன்று ஒற்று, ஒரு வாக்கியம் முடியவே இல்லையாம், அதன் பக்கத்தில் ‘மூச்சு வாங்குது’ என்று எழுதியிருக்கிறார். பாராட்டு எங்கேயும் இல்லை.

மூன்றாம் பக்கத்தில், களைத்துப்போனவர்களைப் பற்றிய இடத்தில், ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தேன். ஜெபத்தில் கடவுளிடம் பேசிப் பேசி வந்த பழக்கம், கேட்பவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. அதை அடித்து, மேலே தன் சின்னக் கையெழுத்தில் ‘நாம்’ என்று போட்டிருக்கிறார்.

சுத்தப் பிரதி எடுக்கும்போது அப்படியே எழுதினேன்.